முக்கால் மைல் வழக்கு

எல்டர்லோ,
செப்டம்பர் 14, ஞாயிறு

அன்புள்ள ஜோசலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை கேலமும் குழந்தை டில்லியும் அங்கே அப்படியே இருக்கவேண்டும். பூமியின் அந்தப் பக்கத்தில் உங்கள் குளிர்காலம் விட்டுவிட்டதா, டில்லியின் இருமல் நின்றதா என்று எழுது. இங்கே மழை தொடங்கிவிட்டது, பிளாக்பெர்ரி இந்த வருஷம் சீக்கிரமே பழுத்துத் தீர்ந்தது, ஆறு புட்டி ஜாம் போட்டு வைத்திருக்கிறேன். தீர்ப்பு போன செவ்வாய்க்கிழமை வந்தது. அப்பா உனக்குத் தொலைபேசி செய்து ஜெயிச்சாச்சு என்று மட்டும் கத்திவிட்டு வைத்துவிட்டார், நீ திரும்பக் கூப்பிட்டபோது நாங்கள் வீட்டில் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முப்பத்தொன்பது வருஷம் வாரப் பத்திரிகைக்கு விசாரணைகளை எழுதியவள், இந்த ஒன்றை மட்டும் எழுத முடியவில்லை, நானும் சாட்சி என்பதால்.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் வரிசையாக வரட்டும். பழைய ரயில் பாதையில் ஆல்டர்ஃபோர்டிலிருந்து நம் ஊர் வரை மிதிவண்டியில் வண்டி வாகனம் ஒன்றையும் பார்க்காமல் வரலாம். குன்றுக்கு அந்தப்பக்கம் பழைய டிராம் தடம் ஆற்றோரமாகவே ஹாத்தர்விக் சந்தை வரை இறங்குகிறது. நடுவில் இருந்த சுரங்கப்பாதையை அடைத்துவிட்டதால் இரண்டையும் சேர்ப்பது மெல்லர் பண்ணை வழியாகக் குன்றேறும் முக்கால் மைல் பாதை ஒன்றுதான். பண்ணையை வாங்கிய ஆஷ்கம் ஆறு வருஷத்துக்கு முன்னால் கேட்டில் பூட்டைப் போட்டார். அதற்கப்புறம் ஹாத்தர்விக் போக வேண்டுமானால் கல் குவாரி லாரிகள் ஓடும் மேட்டுச் சாலைதான் வழி. அந்தச் சாலையில்தான் லாரியின் கண்ணாடி அப்பாவின் தோளில் இடித்துக் காறையெலும்பு முறிந்தது. இனிமேல் சாலையில் ஏறமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தார், கொடுத்ததைக் காப்பாற்றினார். ஐந்து வருஷமாக ரயில் பாதை முடியும் இடம் வரை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார், செக்குமாடு மாதிரி. எழுபத்து நாலு வயதில் இன்னும் எத்தனை வருஷம் குன்றேற முடியும் என்று என்னிடம் ஒருமுறை கேட்டார்.

சட்டம் சொல்வது இதுதான். இருபது வருஷம் ஊரார் ஒளியாமல், சண்டை போடாமல், யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒரு பாதையில் போய்வந்திருந்தால் அது பொதுவழி. அனுமதி வாங்கிப் போனதாக ஆகிவிட்டால் கதை முடிந்தது. அப்படி அறிவிக்கக் கேட்டு ஊர்ப் பாதைக் குழு மனுப் போட்டது, இருபத்து மூன்று பேர் சாட்சிப் படிவம் நிரப்பினார்கள். பாதைக் குழுவின் தலைவி மார்ஜரி ஹீத்கோட், உன்னை ஆரம்பப் பள்ளியில் மூலையில் நிற்க வைத்தவர், அவற்றை என்னிடம் சரிபார்க்கக் கொடுத்தார். 'அனுமதி கேட்டதுண்டா' என்ற கட்டத்தில் ஒன்பது பேர் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று நான் கேட்டபோது மார்ஜரி, நான்தான் வெறுமனே விடச் சொன்னேன், நம்ம ஊர்க்காரங்களோட மரியாதையே நம்மைக் கவுத்துடும்போல இருக்கு ஹில்டா, என்றார். விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்தில் பண்ணை வில்ஃப் மெல்லர் கையில் இருந்தது. எல்லோரும் எந்நாளும் போய்வந்த பாதைதான், ஆனால் மனிதர் வயலில் நின்றால் பேசாமல் தாண்டிப் போவது எப்படி, போகலாமா வில்ஃப் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அந்த ஒன்பதில் ஒருவர் உன் அப்பா.

விசாரணை ஜூன் மாதம் நம் ஊர் மண்டபத்தில் நடந்தது. அன்று காலை உணவின்போது நான் அப்பாவிடம் சொன்னதை வெட்கத்தோடு எழுதுகிறேன், ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடுங்களேன் என்றேன். அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவி முடித்தார். அப்புறம், உண்மையைச் சொன்னா தோத்துடுவோம்னா தோத்துட்டுப் போவோம், இந்த வயசுல பொய் சொல்லிட்டு அந்த மேட்டுல ஏறினா எனக்கு மூச்சு வாங்கும், என்றார்.

அப்பாவை ஏழாவது சாட்சியாகக் கூப்பிட்டார்கள். ஆஷ்கமின் வழக்கறிஞர் லண்டனிலிருந்து வந்தவர், குரலை உயர்த்தாதவர். பாதையில் மெல்லரைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்றார். கேப்பேன், என்றார் அப்பா. என்ன கேட்பீர்கள் என்றதற்கு, போலாமா வில்ஃப்னு, என்றார். எத்தனை முறை என்றதற்கு, கண்ணுல பட்டப்பல்லாம், அவர் சாகுற வரைக்கும், என்றார். வழக்கறிஞர் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். மார்ஜரி கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். நான் என் குறிப்பேட்டில் மணி பதினொன்று நாற்பது என்று எழுதினேன், கை வேறு எதையாவது செய்யவேண்டுமே. அப்போது விசாரணை அதிகாரி, பிரிஸ்டலிலிருந்து வந்த அம்மையார், தன் பேனாவை எடுத்து, நீங்கள் கேட்டதற்கு அவர் என்ன சொல்வார் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கொஞ்சம் அசிங்கமா இருக்கும் அம்மா, சொல்லலாமா, என்றார். சொல்லுங்கள் என்றார் அவர். அப்பா வில்ஃபின் குரலிலேயே சொன்னார்: "உன் மண்டையில என்ன களிமண்ணா? என்னை எதுக்குய்யா கேக்குற, இது ரோடு. எங்க தாத்தா காலத்துலயே ரோடு. நீ கேட்டுட்டு நிக்கிற நேரத்துல என் மாடு வெளிய போயிடும், கேட்டைச் சாத்திட்டுப் போய்த் தொலை."

மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் தபால் நிலையத்து ஐரீன் பின்வரிசையிலிருந்து, எனக்கும் அதேதான் சொன்னாரு, மாடு உட்பட, என்றாள். அதிகாரி அவளை அடக்கிவிட்டு, அந்தக் கட்டத்தை வெறுமனே விட்ட மற்ற எட்டு பேரையும் வெளியே உட்காரச் சொல்லி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். எட்டு பேரும் கேட்டிருக்கிறார்கள், எட்டு பேரும் திட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒருவருக்குக் களிமண், ஒருவருக்கு ஆட்டுப்புழுக்கை, பாதிரியாருக்கு மட்டும் வைக்கோல். ரோடு என்ற வார்த்தையும் தாத்தாவும் ஒருவர் வாயிலும் மாறவில்லை. வழக்கறிஞர் எழுந்து, கேட்டைச் சாத்திவிட்டுப் போ என்பதும் அனுமதிதானே என்று சொல்லிப் பார்த்தார், அவருக்கே நம்பிக்கை இல்லை. வெளியே வந்ததும் மார்ஜரி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் தைச்சு அனுப்பணும்னு நெனைச்சேன் நெவில், நல்ல வேளை நூல் கிடைக்கல, என்றார்.

தீர்ப்பில் நாற்பத்தோராவது பத்தி இப்படிச் சொல்கிறது: ஒருவர் கேட்டார் என்பதால் மட்டும் அனுமதி கொடுக்கப்பட்டதாக ஆகாது, உரிமையாளர் தன்னிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை, அது பொதுவழி என்றே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இதை நான்கு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன், அப்பா ஐந்தாவது தடவையும் கேட்டார். வெள்ளிக்கிழமை மாவட்ட அலுவலகத்து ஆள் வந்து பூட்டை எடுத்துப் போனான். ஆஷ்கமைத் திட்டாதே, அவரும் வந்து நின்று, மாடு போகாம பாத்துக்கங்க, அது ஒண்ணுதான், என்றார்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஆறடிக்கு ஓரடி ஏறும் மேட்டில் நான் மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினேன், அப்பா ஒரு இடத்திலும் இறங்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்தபோது சுவரில் சாய்ந்து நின்றார், முகம் பீட்ரூட் மாதிரி. தூரத்தில் குவாரிச் சாலையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, காற்றில் சத்தம் கேட்கவில்லை. இங்கருந்து பாத்தா லாரி கூட நல்லாத்தான் இருக்கு, என்றார். அப்புறம் இறக்கம் முழுக்கப் பெடலை மிதிக்காமலே ஆற்றுப்பாலம் வரை போனோம். பதினோரு மைலில் எதிரே வந்தவை இரண்டு குதிரைகள், ஒரு குழந்தை வண்டி, வழியைக் குறுக்கே கடந்த ஒரு டிராக்டர். ஹாத்தர்விக்கில் ஒரு தேநீர்க் கடையில் ஓட்ஸ் மாவில் சுட்ட ஓட்கேக்கும் பாலாடைக்கட்டியும் தேநீரும் சாப்பிட்டோம். காசு கொடுத்துவிட்டு வந்து, உங்களுக்குத் தோள் வலிக்கும், மிதிவண்டிகளை ஏற்றிக்கொள்ளும் பேருந்து மூன்று மணிக்கு இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நாற்காலி காலியாக இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன், பாலத்தைத் தாண்டி மேட்டைப் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் இருக்கவேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. வேலை வேலை என்று சாப்பாட்டை விட்டுவிடாதே. வரும் ஜூனில் வரும்போது குழந்தைக்கு மிதிவண்டி பார்த்து வைக்கவேண்டும், டில்லியைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்க வைத்து அளந்து எழுது, உத்தேசமாக வேண்டாம்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அம்மா