அரைப் பவுனும் ஒரு கரண்டியும்

மச்சான்,

ஒருவரும் நம்பாத கதை ஒன்றை இன்று எழுதப் போகிறேன். சாமிப் படத்துக்கு முன்னால் சத்தியம் பண்ணிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். நான் சத்தியம் பண்ணினால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். இப்போது சிரிக்க நீ இல்லை என்ற துணிவில்தான் பண்ணினேன்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து நாலாம் நாள் உன் மகள் வீட்டுக்கு வந்தாள். கையில் நீ கேக் அளவு எழுதி வைத்த தாள். மடிப்பெல்லாம் வெள்ளைத் தூள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் லேசாக வனிலா வாசம்.

"மாமா, இஞ்சை பாருங்கோ. ஒரு கரண்டி, அரைப் பவுனும் கொஞ்சமும் எண்டு எழுதி வெட்டியிருக்கு. அப்பா கேக்குக்கை நகையே போட்டவர்?"

"ஓம் பிள்ளை, அந்தக் காலத்திலை நாங்கள் அவ்வளவு வசதி" என்றேன். அவள் நம்பவில்லை. நான் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. இத்தாலியில், வியா மக்வேதா என்கிற தெருவுக்குப் பின்னால் ஓர் அறையில் நாம் இருவர். உன் மனைவி யாழ்ப்பாணத்தில், சண்டைக்கு நடுவில். அவள் எழுதும் கடிதம் வந்துசேர மூன்று மாதம். உனக்கு வேலை தந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அது கிடைத்தால்தான் பெர்மெஸ்ஸோ என்கிற அனுமதிப் பத்திரம். அது கையில் இருந்தால்தான் அவளைக் கூப்பிடலாம்.

எனக்குத் தெரிந்த சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய வீட்டுக்கார அம்மா ஒருவர், சமையலுக்கு ஆள் தேடினார். என் வாய் சும்மா இருந்ததா? "கொழும்பில் பெரிய ஹோட்டலில் மகாராணிக்கே கேக் போட்டவன்" என்று அவிழ்த்து விட்டேன். நீ ஊரில் பஸ் கொண்டக்டர்.

"ஏன்டா அப்பிடிச் சொன்னனீ? எனக்கு முட்டை பொரிக்கவே தெரியாது."

"மகாராணிக்கு மட்டும் தெரியுமே? பேசாமல் வா."

உன் மனைவியின் கடிதம் ஒன்றில் பட்டர் கேக் செய்யும் முறை இருந்தது. ஒரு இறாத்தல் மா, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர். சிஞ்ஞோரா வீட்டில் கோப்பிக்கு ஒரு குட்டிக் கரண்டி, சூப்புக்கு ஒரு பெரிய கரண்டி. நடுவில் ஒன்றும் இல்லை. குட்டிக் கரண்டியால் மூன்று போட்டாய். அந்தக் கேக்கைப் பாதைக்குப் பதிக்கலாம் என்று நகரத்துக் கல்லுடைப்பவர்கள் வரிசையில் வந்து கேட்டார்கள். அடுத்த தரம் பெரிய கரண்டியால் மூன்று. அது அடுப்புக் கதவை உதைத்துத் திறந்து, பல்கனியைத் தாண்டி, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த உடுப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு ஸ்ஃபெர்ராகவால்லோ கடலில் போய் விழுந்தது. அங்கே மீன்கள் மூன்று நாள் சவர்க்கார ஏப்பம் விட்டன.

பவுடர் பையில் இத்தாலிய மொழியில் ஏதோ அளவு அச்சடித்திருந்தது. நீ அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அவள் மூண்டு கரண்டி எண்டால் மூண்டு கரண்டிதான்."

சிஞ்ஞோரா கோப்பி குடிக்க மட்டும் அடுப்படிக்கு வருகிறவர். அன்று வந்து நின்று சொன்னார்: "இனி இந்த வீட்டில் கரண்டிக் கணக்கு வேண்டாம். எத்தனை கிராம் என்று எழுதிக்கொண்டு வா. ஞாயிறு பகேரியாவிலிருந்து என் மாமியார் வருகிறார். அன்றும் பிழைத்தால் நான் வேறு ஆள் பார்க்கிறேன்."

சனி பின்னேரம் அறைக்குள் நீ சுவரைப் பார்த்தபடி இருந்தாய். திடீரென்று எழும்பிப் பெட்டியைக் கிளறினாய். ஊரிலிருந்து வரும்போது உன் மனைவி வைத்துவிட்ட தேக்கரண்டி அடியில் கிடந்தது. கரண்டி கிடைத்தது. கிராம்? சிஞ்ஞோரா வீட்டுத் தராசு உருளைக்கிழங்குக்குக் கீழே எதையும் மதிக்காது.

உடுப்பு மாட்டும் கொளுவியில் நூல் கட்டி, இரண்டு பக்கமும் யோகட் கோப்பை தொங்கவிட்டோம். ஒரு பக்கம் உன் மாமனார் போட்ட கலியாண மோதிரம். அரைப் பவுன், அதாவது நாலு கிராம். நம்மாட்களுக்குச் சின்ன நிறை என்றால் பவுன்தானே. மற்றப் பக்கம் தலைதட்டின ஒரு கரண்டி பவுடர். பவுடர் தாழ்ந்தது, மோதிரம் மேலே போனது.

"அரைப் பவுனும் கொஞ்சமும்" என்று எழுதினாய். கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒன்றா, இரண்டா? மூன்று கரண்டிக்கு எங்கள் கணக்கு பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் நடுவில் அலைந்தது. சிஞ்ஞோராவிடம் 'கொஞ்சம்' என்று எழுதிக் கொடுக்க முடியாது. உனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் பிரிக்காத ஒரு பவுடர் பையில் பதினாறு கிராம் என்று இருந்ததைக் கண்டேன். இரண்டு கோப்பையிலும் சமமாகக் கொட்டினோம், எட்டும் எட்டும். அதில் ஒன்றை மறுபடி பாதியாக்கினால் நாலு. அந்த நாலுக்கு எதிரே கரண்டிப் பவுடரை வைத்தால் கொளுவி அசையாமல் நின்றது. மோதிரத்தை வைத்தால் மறுபடியும் மேலே போனது.

"மச்சான், ஒண்டில் இத்தாலிக்காரன் பொய், இல்லாட்டி உன்ரை மாமனார் பொய்."

"மாமா அப்பிடிப்பட்டவர் இல்லை."

"அப்ப மோதிரம் செய்த தட்டான்."

"ஓம், தட்டான்தான்." மோதிரத்தைக் கோப்பையிலிருந்து எடுத்துத் துடைத்தாய். பிறகு, "அவளுக்குச் சொல்லிப்போடாதை" என்றாய். எழுதியதை வெட்டிவிட்டு, கீழே நாலு கிராம், மூன்று கரண்டி பன்னிரண்டு கிராம் என்று எழுதினாய். மோதிரத்தை மறுபடி போட்டாய். கடைசிவரை நீ அதைக் கழற்றவில்லை.

ஞாயிறு கேக் பொங்கியது. பகேரியா மாமியார் இரண்டாம் துண்டு கேட்டார். வந்த திங்கள் சிஞ்ஞோரா கையெழுத்து வைத்தார். பதினாலு மாதம் கழித்து விமான நிலையத்தில் உன் மனைவி இறங்கியபோது நீ என்னைத்தான் முதலில் கட்டிப்பிடித்தாய். அவள் பெட்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி மச்சான். பாதைக் கல் பொய். சவர்க்கார ஏப்பம் பொய். மகாராணி முழுப் பொய். அந்த ஞாயிறு உன் கை நடுங்கியது என்று கலியாண வீடுகளில் நான் சொல்லிச் சிரிப்பேனே, அதுவும் பொய். அடுப்புக் கண்ணாடிக்கு முன்னால் இருவரும் முழங்காலில் இருந்த அந்த நாற்பது நிமிடமும் உன் கையை இறுக்கிப் பிடித்திருந்தவன் நான். என் வாயால் ஒரு பெண் யாழ்ப்பாணத்துக் குண்டுவீச்சுக்குள்ளேயே கிடந்துவிடப் போகிறாளே என்ற பயம். அது இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இவ்வளவு கதையிலும் நான் ஒருவருக்கும் சொல்லாத உண்மை அந்தச் சின்னத் துண்டுதான்.