கணக்கு ரீச்சருக்குப் பாரைமீன்

ஆனி, திங்கள்

கச்சான் காற்று. முற்றமெல்லாம் மண். எழுத்து எனக்கு வராது. நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "மாமா, மெதுவாச் சொல்லுங்கோ." இதையும் எழுது என்றேன்.

பள்ளிக்கூட அதிபர் வழியில் மறித்துச் சொன்னார்: கணக்கு ரீச்சர் வேறு ஊருக்கு மாற்றம் கேட்கப் போகிறாராம். வெள்ளிக்குள் விண்ணப்பமாம். கட்டைபறிச்சானில் கணக்குப் படிப்பிக்க வந்தவர்கள் எல்லாரும் என் நினைவில். குடையை மறந்துவிட்டுப் போன மட்டக்களப்பு மாஸ்டர். தடித்த கண்ணாடி மாஸ்டர், ஒரு தவணைதான் இருந்தார். கலியாணத்தோடு போன ரீச்சர். கேட்டால் ஒரே கதை: "எல்லாம் நல்லம், ஒரு குறையுமில்லை." பிறகு பஸ்.

இவர் யாழ்ப்பாணப் பிள்ளை, தையில் வந்தவர். இப்போது பேத்தி சோறு போட முதல் கணக்குக் கொப்பியை விரிக்கிறாள். விடக்கூடாது.

செவ்வாய்

ரீச்சர் தங்கியிருப்பது பக்கத்து வளவுப் பூரணம் வீட்டு அறையில். அவளிடம் கேட்டேன்.

"என்ர வீட்டில என்ன குறை? பாரை வந்தா நடுத்துண்டு ரீச்சருக்குத்தான். என்ர மனுசனுக்குத் தலை!"

உள்ளேயிருந்து அவள் புருசன்: "ஓம், வாலும்."

வலை இழுத்த வீடெல்லாம் ரீச்சருக்குப் பங்கு கொடுக்கிறது. எந்த ஊர் செய்யும்? ஆனாலும் ரீச்சர் மெலிந்துவிட்டார். இன்னும் பெரிய மீனாகக் கொடுக்க வேண்டும்.

புதன்

நானே பாரை கொண்டுபோனேன். தூக்கினால் வால் மண்ணில். ரீச்சர் மேசையில் இரண்டு துண்டு பாணும் வாழைப்பழமும். வாசலில் பூரணத்தின் பூனை, நடக்க ஏலாத கொழுப்பு. பூனையைப் பார்த்தேன். ரீச்சரைப் பார்த்தேன்.

"பிள்ளை, நீங்கள் மச்சம் சாப்பிடுறேல்லையோ?"

"இல்லை அப்பு. சின்னனிலயிருந்து சைவம்."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"வந்த அண்டே சனம் சட்டியோட வாசல்ல நிண்டதுகள். எப்பிடிச் சொல்லுறது? ஆனா இந்த மணத்துக்க இருக்க ஏலாது அப்பு. அதுதான் மாற்றம்…"

மீனோடு திரும்பினேன். பூனையும் பின்னால்.

வியாழன்

பூரணத்துக்கு முதலில் வெட்கம், பிறகு கோபம். "அப்ப என்ர குழம்பு முழுக்கப் பூனைக்கோ!" பிறகு சிரிப்பு. மச்சம் படாத புதுச்சட்டி வாங்கி வைத்தாள். மத்தியானத்துக்குள் ரீச்சர் வாசலில் முருங்கைக்காய், பூசணி, கத்தரிக்காய். கடலுக்குப் போகிறவன் பூசணிக்காயைத் தோளில் வைத்து நடந்ததை இன்றுதான் கண்டேன். எங்கள் ஊர்!

வெள்ளி

காற்று அடங்கவில்லை. விண்ணப்பம் தரவில்லை என்றார் அதிபர். நம்பிக்கை வரவில்லை. பஸ்தரிப்பில் போய் நின்றேன். ரீச்சர் யாழ்ப்பாணம் தன் வீட்டுக்குப் போகிற கிழமை. திரும்பி வருவாரோ என்று கேளாமல் பையைத் தூக்கிக் கொடுத்தேன். பஸ் வெளிக்கிட்டதும் யன்னலால் தலையை நீட்டினார்.

"அப்பு! பூரணமக்காட்டச் சொல்லுங்கோ, திங்கள் கத்தரிக்காய் வேண்டாம். எனக்கு அது ஒத்துவராது, மேலெல்லாம் கடிக்கும்!"

இத்தனை பேரில், வேண்டாம் என்று வாய் திறந்து சொன்னது இவர்தான்.

மருமகளே, அந்தத் "திங்கள்" என்பதைப் பெரிதாக எழுது.