கரை சேர்ந்ததாகக் காட்டிய படகு

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே கச்சான், கரையிலிருந்து கடலுக்கு வீசும் மேல்காற்று. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆபீசுக்கு நடப்பதற்குள் கண் முழுக்க மண்.

வேலை: படகு டேபிளுக்குப் புது உறை. யாரும் தொட விரும்பாத வேலை. அதனால் எனக்கு.

பிறகு மறந்துவிடும், எழுதி வைக்கிறேன். கடலில் ஒவ்வொரு படகிலும் எங்கள் சிக்னல் பெட்டி. அது அனுப்பும் இடமும் நேரமும் சி மொழியில் எழுதிய ஒரு ஹேஷ் டேபிளில் போய்ச் சேரும். படகு நம்பரைக் கொடுத்தால் உடனே எடுத்துத் தரும். எழுதியவர் வேலையை விட்டுச் சிங்கப்பூர் போய்விட்டார். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் டேபிள் நிரம்பினால், பெரிய இடமாகப் பிடித்து எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிட்டு, பழைய இடத்தைக் கைவிட்டுவிடும். பழைய இடத்தின் முகவரியைப் புரோகிராமில் எந்தப் பகுதியாவது கையில் வைத்திருந்தால் தொலைந்தது. அங்கே கிடப்பது எப்போதோ எழுதிய தகவல். அல்லது குப்பை.

டேபிளை மற்ற பகுதிகள் நேராகத் தொடாதபடி, மேலே ரஸ்ட் மொழியில் உறை போட்டது செல்வின். என் பக்கத்து நாற்காலி, எனக்கு சீனியர். இந்த மாதிரித் தப்பைத் தடுக்கும் என்றுதான் ரஸ்டுக்கே வந்தோம். செல்வினோ, ‘இந்த முகவரி என்றைக்கும் செல்லும்’ என்று, புரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலரிடம் பொய்ச் சத்தியம் செய்து, டேபிள் முகவரியை அப்படியே திரைக்குக் கொடுத்திருக்கிறான். கம்பைலர் பாவம், நம்பிவிட்டது.

புன்னைக்காயல் படகுச் சங்கத்துத் திரையில், அவர்கள் ‘போர்டு’ என்பதில், சில படகுகள் நகராமல் நிற்பது இதனால்தான். செல்வினிடம் சொன்னேன்.

“டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆவுதுல்லா?”

“டெஸ்ட்ல நாலஞ்சு படகுதான செல்வின். டேபிள் எப்படி நிரம்பும்?”

“ஏளா, ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிருது. ஒனக்கு வேற சோலி இல்லையா?”

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. கூட்டில் உப்பு வேறு அதிகம்.

ஜூலை 8, செவ்வாய்

அதே காற்று. கரண்ட் இரண்டு முறை போனது.

செல்வினின் சத்தியத்தை எடுத்துவிட்டு உண்மையை எழுதினேன்: டேபிளில் புதிதாக எதையும் சேர்க்காத வரைதான் இந்த முகவரி செல்லும். அவ்வளவுதான் மாற்றம். கம்பைல் செய்தால் திரை முழுக்கச் சிவப்பு. எங்கே பார்த்தாலும், ஒரு கையில் முகவரியை வைத்துக்கொண்டு மறு கையால் சேர்க்கிற கதை. கம்பைலர் சொல்வது ஒவ்வொன்றும் சரி. அதுதான் எரிச்சல்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, நேத்து ஓடுன புரோகிராம் இன்னைக்கு ஓடல?”

“நேத்தும் தப்பாத்தான் சார் ஓடுச்சு.”

“வியாழக்கிழமை சங்கத்துல டெமோ இருக்கு. அது முடியட்டும். பழையபடி மாத்தி வையி.”

மாற்றி வைத்தேன். செல்வின் ஹெட்போனைப் போட்டுக்கொண்டான். சிரித்த மாதிரி இருந்தது.

வாங்க வேண்டியது: சீயக்காய், போன் ஒயர், அம்மாவுக்கு முழங்கால் தைலம்.

ஜூலை 9, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மத்தியானம் மதினி போன். அண்ணன் விடியற்காலை வள்ளத்தில் போனது. கூட இரண்டு பேர். காற்று கூடிவிட்டதால் பல வள்ளங்கள் திரும்பிவிட்டன, இவர்களைக் காணோம். செல்போனும் கிடைக்கவில்லை.

“ஏளா, சங்கத்துல கேட்டேன். முகத்துவாரத்துல நிக்காவன்னு போர்டு காட்டுதாம். நான் கரையில போயிப் பாத்துட்டேன், ஒருத்தரையும் காணல. நீ பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் பச்சைப் புள்ளி. அண்ணன் வள்ளம். கரையை எட்டிவிட்ட மாதிரி, அழகாக.

அது காலையில் வள்ளம் புறப்பட்ட இடம்.

டேபிளை விட்டுவிட்டு, பெட்டி நேராக அனுப்பிய தகவல்களைத் திறந்தேன். அண்ணன் வள்ளத்துச் சிக்னல் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தது. கடைசியாக வந்த இடம் கிழக்கே வெகுதூரம். ஒவ்வொரு சிக்னலுக்கும் வள்ளம் இன்னும் கொஞ்சம் வெளியே. இன்ஜின் நின்று காற்றில் இழுபடுகிற போக்கு. டேபிளிலும் புது இடம் சரியாகவே இருந்தது. திரை மட்டும் கைவிட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

சங்கத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது தலைவர் பர்னாந்து அண்ணாச்சி.

“போர்டுல கிட்ட வந்துட்டுன்னுல்லா காட்டுது?”

“போர்ட நம்பாதிய அண்ணாச்சி. நான் சொல்லுத இடத்த எழுதுங்க.”

“அப்ப இவ்வளவு நாளும் நாங்க பாத்தது?”

இடத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். பின்னால் மேனேஜர் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். “வாடிக்கையாளர்கிட்ட இப்படியா பேசுவாவ?” நான் திரும்பவில்லை.

பெரிய இன்ஜின் உள்ள வள்ளம் ஒன்றை அனுப்பினார்கள். சாயங்காலம் கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மூன்று பேரும் இருக்கிறார்கள். அண்ணனுக்கு உள்ளங்கை கயிறு அறுத்துப் புண். மதினி போனில் ஒரே அழுகை.

ஜூலை 10, வியாழன்

டெமோ. புன்னைக்காயலுக்குப் போகும் வழியெல்லாம் மேனேஜர் பாடம்: நேற்று நடந்தது நெட்வொர்க் பிரச்சனை. அதற்கு மேல் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது.

பர்னாந்து அண்ணாச்சி லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். “நீ சொல்லும்மா. இந்தப் போர்டு பொய் சொல்லுமா?”

மேனேஜர் தொண்டையைச் செருமினார்.

“சொல்லும் அண்ணாச்சி. நெட்வொர்க் இல்ல, எங்க புரோகிராம்லதான் தப்பு. சரி பண்ணுத வரைக்கும் பாக்காதிய.”

சங்கத்தில் கத்தல். யாரோ “எங்க உசுரு ஒங்களுக்கு வெளையாட்டா?” என்றார். நியாயம்தான். மேனேஜர் தாள்களைக் கையில் சுருட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து ஆபீஸ் வாசலில் மேனேஜர், “சரி பண்ண எத்தனை நாளாவும்?” என்று மட்டும்.

செல்வின்: “ஒன் அண்ணன் வள்ளம்ங்கதால இந்தக் குதி குதிக்க.”

சுருக்கென்றது. வேறு யார் வள்ளமாக இருந்தாலும் பச்சைப் புள்ளியைப் பார்த்து, ‘வந்துட்டாவ’ என்று சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

காற்று குறைவு. வேலை, வேலை.

முடிவு: டேபிளின் முகவரி உறையை விட்டு வெளியே போகவே கூடாது. கேட்டால் தகவலின் நகல் மட்டும். திரை படகு நம்பரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கட்டும். கொஞ்சம் மெதுவாகும். ஆகட்டும். கம்பைலர் சரிபார்க்காமல் நம் சொல்லை நம்பும் ‘அன்சேஃப்’ வரிகள் எல்லாம் ஒரே ஃபைலில், ஒவ்வொன்றுக்கும் மேலே ஏன் சரி என்று காரணம். காரணம் எழுத முடியாத வரி இரண்டு. தூக்கிவிட்டேன்.

இன்னொன்று: தகவல் பழசானால் புள்ளியே கிடையாது. ‘தெரியவில்லை’ என்று வரும். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. “தெரியலன்னு காட்டுறதுக்கு எதுக்கும்மா போர்டு?”

செல்வின் மாலையில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தான். பழைய உறையில் படகுகளைச் சேர்த்துக்கொண்டே போகிற டெஸ்ட் ஒன்றை அவனாகவே எழுதியிருக்கிறான். “பழைய உறை டெஸ்ட்ல விழுந்துட்டு” என்றான். மிச்சப் பிழைகளில் பாதியை அவன் தீர்த்தான்.

ஜூலை 12, சனி

வெயில். சங்கத்தில் புதுப் புரோகிராம் போட்டாயிற்று. எல்லாப் படகும் நகர்கிறது. பர்னாந்து அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு முன்னால் உட்கார்ந்து, புள்ளி தெரிந்த ஒவ்வொரு படகுக்காரருக்கும் போன் போட்டுச் சரிபார்த்தார். எல்லாம் சரி.

ஒன்றே ஒன்று ‘தெரியவில்லை’. அண்ணன் வள்ளம். கை ஆறவே இல்லை, அதற்குள் கடலுக்குப் போயாயிற்று.

மறுபடி தேடினேன். டேபிள், உறை, திரை எல்லாம் சரி. பெட்டியிலிருந்து சிக்னலே வரவில்லை. அண்ணன் நம்பரை அழுத்தினேன். நல்லவேளை, கரைக்குப் பக்கம்தான் போல, மணி அடித்தது.

“எங்கன இருக்கிய? பெட்டி ஓடுதா?”

“பெட்டியா? அதுல உள்ள ஒயரப் புடுங்கி போனுக்கு சார்ஜ் போட்டிருக்கேம்ளா. ஏன், என்ன?”