பச்சை பூசியதால் பிடிபட்ட பிக்கப் வண்டியை மழைக்கு முன் விடுவிக்கக் கோருதல்

அனுப்புநர்
அ. அய்மான் (வயது 17, பன்னிரண்டாம் வகுப்பு),
த/பெ. அத்தாவுல்லா,
முடிச்சூர், மேற்குத் தாம்பரம்.

பெறுநர்
உயர்திரு உதவி ஆணையர் (போக்குவரத்து) அவர்கள்,
சரக அலுவலகம், தாம்பரம்.

பொருள்: ராணுவப் பச்சை நிறம் பூசிய குற்றத்துக்காகப் பிடிக்கப்பட்ட எங்கள் பழைய பிக்கப் வண்டிக்கு, அது நிற்கும் காவல் நிலைய வளாகத்திலேயே வெள்ளை பூச அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவில் வசித்து வரும், இதுவரை யாரும் பெயர் வைக்காத பழுப்பு நாய் ஒன்று, கடந்த வெள்ளிக்கிழமை முதல் மதிய வேளைகளில் படுக்க நிழலின்றி அலைந்து வருகிறது என்னும் செய்தியைத் தங்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவித்துக்கொள்கிறேன். அது வழக்கமாகப் படுத்திருந்த இடம் எங்கள் பிக்கப் வண்டியின் அடிப்பகுதி. அந்த வண்டி தற்போது தங்கள் சரகத்துக்கு உட்பட்ட ஒரு காவல் நிலையத்தின் வளாகத்தில் நிற்கிறது. நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கிருப்பவர்கள் எங்களை மரியாதையாகவே நடத்தினார்கள். நான் இன்னும் பல தடவை அங்கே போக வேண்டியும் இருக்கிறது.

1. வண்டி என் தந்தையார், அதாவது அத்தா பெயரில் உள்ளது. மனுவை அவர்தான் எழுத வேண்டும். மூன்று தாள் எடுத்து உட்கார்ந்தார். மூன்றிலும் "ஐயா" என்று எழுதிவிட்டு நிறுத்திவிட்டார். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு விடுப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து, இல்லாத காய்ச்சலை எல்லாம் வரவழைத்தவன் என்ற முறையில் இப்பொறுப்பு என்னிடம் வந்தது. இம்மனுவில் உள்ள நோய் உண்மையானது.

2. என் தாயார் அக்தர் பேகம் அவர்களுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் குரோம்பேட்டை மருத்துவமனை ஒன்றில் டயாலிசிஸ் செய்ய வேண்டும். முடிச்சூரில் மழைக்காலம் எப்படி இருக்கும் என்று தாம்பரத்தில் பணிபுரியும் தங்களுக்கு நான் விளக்குவது முறையல்ல. போன மழையில் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆட்டோ பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. படகு வந்தது. அதில் எங்களுக்கு முன்னால் கைக்குழந்தைக்காரிகள் இருந்தார்கள். என் தாயாரே "அவங்க மொதல்ல போவட்டும்" என்று சொல்லி நின்றுவிட்டார். படகு திரும்பி வரவில்லை. ஒரு முறை டயாலிசிஸ் தவறியது. அடுத்ததும் தவறியது. முகமும் காலும் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியதால், தண்ணீர் வடியும்வரை என் அண்ணன் இர்ஃபானின் முதுகில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். இதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை.

3. ஆகவே வண்டி வாங்கினோம். அதாவது, வண்டியாக ஒரு காலத்தில் இருந்த ஒன்றை வாங்கினோம். நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய டீசல் பிக்கப். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில், கோழிகளின் முழு அனுபவ உரிமையில் இருந்தது. அத்தா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது ஓடுமாடா, இல்ல முட்டை போடுமா?" என்று கேட்டார். ஓட வைத்துக் காட்டுகிறேன் என்றேன்.

4. காட்டினேன். தற்பெருமை என் வழக்கமல்ல எனினும், அலுவலகக் கோப்பில் இருக்க வேண்டிய தகவல் என்பதால் பதிவு செய்கிறேன்: தாம்பரம் தொடங்கி பொத்தேரி வரை, பிளஸ் டூ படித்துக்கொண்டே ஒரு வண்டியை எலும்பிலிருந்து எழுப்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தெரு முனையில் பட்டறை வைத்திருக்கும் சின்னப்பன் அண்ணன் வெல்டிங் அடித்தார், என்ஜினைப் பிரித்துக் கோத்தார், பிரேக் பார்த்தார். மற்றபடி எல்லாம் நான்தான்.

தண்ணீருக்குள் என்ஜின் மூச்சுத் திணறக் கூடாது என்பதற்காக, அது காற்று வாங்கும் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றினோம். கடையில் விற்கும் குழாயின் விலையைக் கேட்டதும் எங்களுக்கே மூச்சுத் திணறியதால், குளியலறைக்குப் போடும் பிவிசி குழாயையே எல்போ என்னும் வளைவுத் துண்டு வைத்து ஒட்டினோம். முன் இருக்கை, உடைத்து விற்ற ஒரு வேனிலிருந்து வந்தது, பின்னால் சாயும். என் தாயாரால் காலை உயரமாகத் தூக்க முடியாது என்பதால் கதவுக்குக் கீழே ஒரு படி வைத்தோம். நான்கு டயரும் நான்கு ஊரைச் சேர்ந்தவை, ஆனால் ஒற்றுமையாக இருக்கின்றன.

5. நிறத்தின் கதைக்கு வருகிறேன். ஆர்.சி.யில் உள்ள நிறம் வெள்ளை. துருவைச் சுரண்டிப் பட்டி பார்த்து முடித்தபோது வண்டி உலக வரைபடம் போல இருந்தது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில், பழைய மின்விசிறிகளுக்கும் மீன்தொட்டிகளுக்கும் நடுவே, மூடி நசுங்கிய பெயின்ட் டின்கள் வைத்திருந்த அண்ணன் ஒருவர் எங்களுக்கு வழங்கிய ஆலோசனை வருமாறு:

"தம்பி, இன்னா கலருன்னு பேஜாராவாத. வெலைய பாரு. இத்த ரெண்டு கோட்டு அட்ச்சா துருவும் தெரியாது, டொக்கும் தெரியாது. வண்டி சும்மா கெத்தா நிக்கும்."

மூன்றுமே நடந்தன. துரு தெரியவில்லை, டொக்கு என்னும் நசுங்கல் தெரியவில்லை, வண்டி கெத்தாக நின்றது. இப்போது காவல் நிலையத்தில் நிற்கிறது.

ராணுவத்துக்கு உரிய பச்சையைப் பொதுமக்கள் வண்டிக்குப் பூசக் கூடாது என்று சட்டம் இருப்பது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்த ஒரே மனிதரான சின்னப்பன் அண்ணன், நாங்கள் பெயின்ட் அடித்த வாரம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்ததும், "டேய், பெயின்ட் அடிங்கடான்னா வண்டிய பட்டாளத்துல சேத்துட்டீங்களேடா!" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தோம். நாங்கள் சிரித்ததைப் பார்த்து, விளையாட்டுக்கு அடித்திருக்கிறோம், எப்படியும் மாற்றிவிடுவோம் என்று நினைத்து அவரும் சிரித்துவிட்டார்.

6. கடந்த வெள்ளிக்கிழமை (10.10.2025) ஜும்மா முடிந்து என் அண்ணன் இர்ஃபான் வண்டியை எடுத்தார். அவருக்கு முறையான உரிமம் உண்டு. பல்லாவரம்வரை ஓட்டிப் பார்ப்பது திட்டம். சந்தை நாள் என்பதால் சாலையில் நெரிசல். அங்கே வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் எங்கள் வண்டியைக் கண்டதும் விசில் ஊதி இரு பக்கமும் நிறுத்தினார். ஒரு மாநகரப் பேருந்தும் நின்றது. வழி விட்டார். விட்டதோடு நிற்காமல், விறைப்பாக நின்று எங்களுக்குச் சல்யூட் அடித்தார்.

ஒருவர் மரியாதை செய்யும்போது பதில் மரியாதை செய்வது பண்பாடு என்று கருதி, இடது பக்கம் அமர்ந்திருந்த நானும் சல்யூட் அடித்தேன்.

பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்த காவல் அதிகாரி எங்களை ஓரம் கட்டச் சொன்னார். அண்ணனைப் பார்த்து, "எந்த யூனிட்?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள், "முடிச்சூர் யூனிட், சார்" என்று நான் பதில் சொல்லிவிட்டேன். அந்தப் பதிலுக்கு அவசியம் இருக்கவில்லை என்பதை இப்போது உணர்கிறேன். அந்த நொடியிலேயே அண்ணன் என் தொடையில் கிள்ளி உணர்த்தினார்.

7. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்திவிட்டோம். எங்கள் குறை அபராதத்தைப் பற்றியதல்ல. அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது.

வண்டியின் நிறம் ஆர்.சி.யில் உள்ளபடி மாற்றப்பட்டது என்று வட்டாரப் போக்குவரத்து (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் எழுதி வாங்கி வந்தால் விடுவோம் என்று நிலையத்தில் சொன்னார்கள். போக்குவரத்து அலுவலகத்துக்குப் போனோம். வண்டியை நேரில் கொண்டு வந்து காட்டினால்தான் எழுதிக் கொடுப்போம் என்றார்கள். வண்டி நிலையத்தில் இருக்கிறது என்றோம். அப்படியானால் அங்கிருந்து எடுத்து வாருங்கள் என்றார்கள். நிலையத்துக்குத் திரும்பினோம். வளாகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏட்டு ஸ்ரீரங்கன் ஐயா அவர்களுக்கும் எனக்கும் நடந்த உரையாடலை உள்ளது உள்ளபடி தருகிறேன்:

"கலர மாத்திகினு வா தம்பி, வண்டிய எட்துகினு போ."

"வண்டி உள்ள கீது சார். வெளிய நின்னுகினு எப்டி சார் கலர மாத்துறது?"

"அது இன்னாமோ எனக்குத் தெரியாது. உள்ள வந்து பெயின்ட் அடிக்க இது இன்னா ஒங்க வூடா?"

நிறத்தைக் கைப்பேசியில் வெள்ளையாக மாற்றிய புகைப்படம் ஒன்றைப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டிப் பார்த்தேன். "இந்த வேலைய என் பேரனே செய்வான், போப்பா" என்று அங்கிருந்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வண்டியை வெள்ளைத் துணியால் முழுக்கப் போர்த்தி, கயிறு கட்டி இழுத்துப் போகிறோம், பச்சை வெளியே தெரியாது என்று ஏட்டு ஐயாவிடம் கெஞ்சினேன். அவர் என்னையும் அத்தாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வெள்ளத் துணி போத்தி ரோட்ல இட்டுனு போனா வேற மாரி தெரியும்பா. ஒங்கம்மாக்கு வாங்குன வண்டின்னு சொல்ற. வாணாம்" என்றார்.

அவர் கெட்டவர் அல்ல. அந்த அலுவலகத்தில் இருந்தவரும் கெட்டவர் அல்ல. இருவரும் சொல்வது சரியாகவும் இருக்கிறது. எங்களுக்குத்தான் நடுவில் நிற்க இடம் இல்லை.

8. வீட்டில் என் தாயார் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொரு முறை நாங்கள் திரும்பி வரும்போதும் "மழைக்கு முன்னாடி குடுத்துடுவாங்களாடா?" என்று மட்டும் கேட்கிறார். "ஆங், நாளைக்கு" என்கிறேன். நாளை என்று நான் சொல்லும் நாளும் தினமும் வந்து போகிறது.

9. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, எங்கள் வண்டிக்கு அது நிற்கும் இடத்திலேயே வெள்ளை பூசுவதற்கு ஒரு நாள் அனுமதி வழங்குமாறு வேண்டுகிறேன். வெள்ளைப் பெயின்ட் இந்த முறை ரசீதுடன் கடையில் வாங்கி வைத்திருக்கிறோம். நானும் அண்ணனும் மட்டும் வருவோம். பக்கத்து வண்டிகள்மேல் ஒரு துளி படாமல் பாய் கட்டிக்கொள்கிறோம். வேலை முடிந்தபின் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்க்கவோ, வண்டியை அங்கே கொண்டுபோய்க் காட்ட எங்களுக்கு அனுமதிக் கடிதம் தரவோ தாங்கள் ஆவன செய்ய வேண்டும். வேறு எதைக் கழற்றச் சொன்னாலும் கழற்றுகிறோம். அந்தப் படி ஒன்றை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

10. இத்துடன் கையெழுத்துப் போட்டிருந்தால் எனக்கு மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் தங்கள் தரப்பில் யாராவது வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

வண்டியின் நான்கு சக்கரமும் இழுக்காது. என்ஜினின் விசையை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் அதில் இல்லை. வாங்கும்போதே இல்லை. இன்றைய நிலையில் அது பின் சக்கரம் மட்டும் இழுக்கும் சாதாரண வண்டி. எங்கள் தெருத் தண்ணீரில் இறங்கினால் ஆட்டோ போகும் தூரம்தான் போகும். சின்னப்பன் அண்ணன் வேறொரு வண்டியின் ஷாஃப்டை வாங்கி வைத்திருக்கிறார். அதை எங்கள் வண்டியின் அளவுக்கு வெட்டிப் பற்றவைத்துப் பொருத்தச் சில நாள் ஆகும். வண்டி எதிரில் இல்லாமல் அளவெடுக்க முடியாது. வேலை முழுக்க முடியும்வரை அம்மாவிடம் எதையும் சொல்லாதே என்று இர்ஃபான் அண்ணன் எச்சரித்திருந்தார். நான் முடிந்துவிட்டது என்று சொன்னேன். எந்தத் தண்ணீரிலும் போகும் என்றேன். அதை ஒரு சிறு குட்டையில்கூட இறக்கிப் பார்த்ததில்லை.

என் தாயார் இந்த மழைக்காலம் முழுவதும் குரோம்பேட்டையில், மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் உள்ள ரூக்சார் சின்னம்மா வீட்டில் தங்குவதாக இருந்தது. பை கூடக் கட்டியாயிற்று. என் பேச்சைக் கேட்டு, "புள்ள வண்டி கட்டியிருக்கான், நான் எதுக்கு அடுத்தவங்களுக்குத் தொந்தரவா?" என்று பையைப் பிரித்து வைத்துவிட்டார். சின்னம்மா அந்த அறையைக் கல்லூரிப் பெண்கள் இருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

நேற்று மாலை தூறல் போட்டது. அம்மா சன்னலைச் சாத்தாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பயமா இல்லடா என்றார். நான் தெருவுக்குப் போய்விட்டேன்.

சீக்கிரம் அனுமதி கொடுங்கள், ஐயா.

இடம்: முடிச்சூர்
நாள்: 15.10.2025

இப்படிக்கு,
பத்தாம் பத்தியிலிருந்து தங்கள் உண்மையுள்ள,
அ. அய்மான்