பொத்தானின் நான்காவது கால்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, பொத்தான் மூவரும் நன்றாக இருக்கிறோம், எங்கள் எட்டுக் கால்களும் தரையில் ஊன்றித்தான் நிற்கின்றன. உன் இரண்டும் பத்திரமாக இருக்கட்டும், குளிர் நாட்களில் காலுறை போடாமல் வெறுந்தரையில் நடக்காதே.

பொத்தான் உயிரோடுதான் இருக்கிறதா, என்னிடம் எதையாவது மறைக்கிறீர்களா என்று நேராகவே கேட்டுவிட்டாய். படம் எடுத்து அனுப்பினால் அது பழைய படம் என்கிறாய். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, நாங்கள் நடந்துகொண்ட விதம் அப்படி. முழுக்கதையையும் கட்டைவிரலால் போனில் தட்டித் தட்டி எழுத என்னால் ஆகாது, உன் தோழி கிளம்புகிறாள் என்பதால் உட்கார்ந்து எழுதி அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்து முடிக்கிற வரைக்கும் கோபப்படாமல் இரு.

பொத்தான் முழங்கால் சில்லு விலகிப் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியதும், டாக்டரம்மா ஆபரேஷன் செய்து சில்லை இடத்தில் உட்கார வைத்ததும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் எங்கள் பாடு. கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு வீட்டுக்கு வந்தது, வந்ததும் நிலைக்கதவில் இடித்தது, தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தது, என் கெண்டைக்காலில் ஒரு குத்து, எல்லாக் கதவையும் நாங்கள்தான் அங்கே கொண்டுவந்து வைத்தது போல எங்களை ஒரு பார்வை. குதிக்கக் கூடாது, ஓடக் கூடாது, படி ஏறக் கூடாது, வெளியே கூட்டிப்போனாலும் வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் அடைப்புக்குள்தான் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். உன் அப்பாவைத்தான் தெரியுமே, ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற மனுஷன், எச்சரிக்கை என்று ஒன்று காதில் விழுந்துவிட்டால் போதும். ஹாலில் பலகை அடித்து அடைப்பு கட்டினார், வழுக்காமல் இருக்கத் தரை முழுக்க ரப்பர் விரிப்பு போட்டார், லிஃப்ட் கதவில் மாட்டுவார்களே பழுது பார்க்கப்படுகிறது என்று ஒரு மஞ்சள் பலகை, அதைக் கொண்டுவந்து சோபாவுக்குக் குறுக்கே கட்டிவிட்டார். யாராவது சோபாவில் உட்கார்ந்தால் பொத்தானுக்கும் ஏறத் தோன்றுமாம். உன் சித்தப்பா விஷயம் தெரியாமல் பலகையை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார், அப்பா எழுப்பிவிட்டார். பாவம், தரையில் சம்மணம் போட்டு டீயைக் குடித்துக்கொண்டே, ஆபரேஷன் நாய்க்கா சோபாவுக்கா அண்ணி என்று என்னைக் கேட்டார்.

இனி உன்னிடம் மறைத்ததைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு நாள் நீ கூப்பிட்டபோது நான்தான் வழக்கம் போல ஸ்பீக்கரில் போட்டேன். நீயும் வழக்கம் போல எடுத்ததுமே பொத்தா என்று ஒரு நீட்டு நீட்டினாய். அவ்வளவுதான், மயக்க மருந்தின் களைப்பு கூடத் தீராத அந்தப் பிராணி, தையல் போட்ட காலோடு ஒரே எம்பில் அடைப்பைத் தாண்டி, போன் இருந்த ஸ்டூலின் மேல் போய் விழுந்தது. அது கத்திய கத்தலைக் கேட்டுத்தான் நான் போனை அணைத்தேன், சிக்னல் போய்விட்டது என்று பிறகு உன்னிடம் சொன்னேன். அள்ளிக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினோம். நல்ல வேளை, தையலும் பிரியவில்லை, சில்லும் நகரவில்லை. அங்கிருந்து திரும்பும்போதே அப்பா சட்டம் போட்டுவிட்டார், கால் சரியாகிற வரைக்கும் உன் குரல் இந்த வீட்டுக்குள் கேட்கவே கூடாது, காரணத்தையும் உன்னிடம் சொல்லக் கூடாது, சொன்னால் நீ அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அதனால்தான் நான் எப்போதும் தையல் கடையிலிருந்தே பேசினேன், பின்னால் மெஷின் சத்தம் கேட்கிறதே, உனக்கு வீடே கிடையாதா என்று சலித்துக்கொண்டாய். அப்பா பேசாததற்கும் அதுதான் காரணம். நான் கடையில் இருக்கிற நேரம் அவர் வீட்டில் காவல், லிஃப்ட் குழிக்குள் நின்று மேல் மாடிக்குக் கத்திப் பழகிய தொண்டை அது, மெதுவாகப் பேசு என்றால் வராது. நீ பேசுகிறாய் என்று பொத்தானுக்குத் தெரிந்துவிடும். நான் கடையிலிருந்து திரும்பிய பிறகுதான் அவர் வேலைக்குப் போவார், அது முடிந்து வெளியே வருகிற நேரம் உனக்குத் தூக்கம். அப்பாவுக்கு என் மேல் ஏதாவது கோபமா என்று நீ கேட்டாயே, அன்றைக்கு ஒரு பாவாடையின் ஓரத்தைப் பிரித்துப் பிரித்து மூன்று தடவை தைத்தேன், மனசு அதில் இல்லை. கோபமெல்லாம் இல்லை கண்ணு, துளியும் இல்லை.

தையல் பிரித்து, கூம்பையும் கழற்றிய பிறகு வேறு கவலை வந்தது. காலை ஊன்றலாம் என்று டாக்டரம்மா சொல்லியும் பொத்தான் ஊன்றவே இல்லை. மூன்று காலில் நிற்கும், மூன்று காலில் நடக்கும், நான்காவதை வயிற்றோடு ஒட்டி மடக்கி வைத்துக்கொள்ளும். ஒத்தடம் கொடுத்தோம், மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்தோம், பிடித்த பிஸ்கட்டைக் காட்டினோம், மூன்று காலிலேயே வந்து வாங்கித் தின்றது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு நல்லா கூடியிருக்கு, பயந்துதான் வெக்க மாட்டேங்குது, இப்படியே விட்டா தொடை சூம்பிப் போயிடும், அப்புறம் நம்ம கையில ஒண்ணும் இல்ல என்றார். அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. நானும் வெளியில் தெம்பாகப் பேசினேனே தவிர, உன்னிடம் எப்படிச் சொல்வது என்று உள்ளுக்குள் உடைந்துதான் போயிருந்தேன்.

போன வாரம் ஒரு மாலை, அப்பா வேலையிலிருந்து வந்து கைகால் கழுவப் பின்பக்கம் போனார். நான் பொத்தானை அடைப்பிலிருந்து வெளியே எடுத்து, வாரைப் பிடித்துக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்து ஹாலில் நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து சின்னதாக உன் குரல் கேட்டது. முதலில் பிரமை என்று நினைத்தேன், ஆனால் பொத்தானுக்குக் காது இரண்டும் நிமிர்ந்துவிட்டன. நீ முன்பு பஸ்ஸில் போய்க்கொண்டே பேசி அனுப்பினாயே, அப்பா சாப்பிட்டீங்களா, கண்ணாடிய மறக்காம எடுத்துட்டுப் போங்க என்று, அதேதான். இப்போது குதிக்கப் போகிறது என்று வாரை இறுக்கிப் பிடித்தேன். அது குதிக்கவில்லை. சத்தம் அவ்வளவு சின்னது, விட்டால் நின்றுவிடும் என்று நினைத்ததோ என்னவோ, மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்தது. பாதி ஹால் தாண்டியதும் மடக்கியிருந்த காலை இறக்கியது. விரல் நுனியால் தரையைத் தொட்டது, எடுத்தது, மறுபடியும் வைத்தது, அப்புறம் பாதத்தையே வைத்துவிட்டது. கத்தினால் எங்கே கெட்டுவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனேன்.

அங்கே போய்ப் பார்த்தால் அப்பா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைக் காதோடு ஒட்டி வைத்திருக்கிறார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடுகிறார். சட்டம் போட்டவரே இவர்தான். பொத்தான் மூக்கால் அவர் முழங்கையை இடித்ததும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார், என்னைப் பார்த்ததும், ஒண்ணுமில்ல, போன்ல சத்தம் சரியா வருதான்னு பாத்தேன் என்றார். நான் கீழே காட்டினேன். நான்கு காலும் தரையில் இருந்தன. அவர் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்து அந்தக் காலைக் கையில் ஏந்திக்கொண்டார், நான் அவரைப் பார்க்காமல் துண்டை மடிக்க ஆரம்பித்துவிட்டேன், இல்லாவிட்டால் இரண்டு பேரும் அழுதிருப்போம்.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் உன் குரல்தான் மருந்து. கண்ணாடியை எடுத்துக்கொள்ளச் சொல்லிச் சொல்லியே நடக்க வைத்துவிட்டாய். நேற்று டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இனி பயமில்லை, தொடை தானாகத் தேறிவிடும் என்றார். அப்பா தயங்கித் தயங்கி, மகளின் குரலைக் கேட்கவிடலாமா என்று கேட்டார். நான் குதிக்கறதத்தானே சார் நிறுத்தச் சொன்னேன், பொண்ணையா நிறுத்தச் சொன்னேன் என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்த மஞ்சள் பலகையைக் கழற்றினார், பழைய சோபாவில் நான் காலை நீட்டி உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஜன்னலில் தண்ணீர் ஒழுகுகிறது என்றாயே, வீட்டுக்காரரிடம் சொல்லிச் சரி செய்துகொள், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. இந்தக் கடிதம் கிடைத்த உடனே கூப்பிடு, கடைக்கு வேண்டாம், வீட்டுக்கே கூப்பிடு, ஸ்பீக்கரில் போடுகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், பழைய மாதிரி நீட்டாமல் மெதுவாகக் கூப்பிடு. பொத்தான் இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடக் கூடாது, நடந்துதான் வரும். உன் அப்பா ஓடி வருவார், அவருக்கு டாக்டர் எந்தத் தடையும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாரைப் பிடித்தபடி உன் அழைப்புக்குக் காத்திருக்கும்
அம்மா