கையெழுத்தை மறைத்த சிரப் லேபிள்

டன்மோர் கார்னர்ஸ், வெர்மாண்ட்
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கோலெட்டுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் நாயும் சௌக்கியம், அங்கே அலாஸ்காவில் நீயும் உன் விரல்கள் அத்தனையும் சௌக்கியமாக இருக்க வேண்டும், மீன் வெட்டுகிற மிஷின் பக்கத்தில் வேலை பார்க்கிறவள் தினமும் ஒருதடவை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது. அம்மா இன்னும் பெரியம்மா வீட்டில்தான் இருக்கிறாள். பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு கூடிவருகிறது, படுத்த இடத்திலிருந்தே வீட்டில் எல்லோரையும் வேலை வாங்குகிறாளாம், அதனால் தேறிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். நான் பீன்ஸ் டப்பாவில் காலம் தள்ளுகிறேன். இதை அம்மாவிடம் சொல்லாதே, நான் சமைக்கிறேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மேப்பிள் மரங்களில் சிரப் காய்ச்சுகிற பால் இன்னும் இறங்கவில்லை, குளிர் விடவில்லை. நேற்றும் முழங்கால் உயரத்துக்குப் பனி, விடியுமுன்னே லாரியை எடுத்துப் போய் மேட்டுத்தெரு வரைக்கும் ரோட்டுப் பனியைத் தள்ளிவிட்டு வந்தேன், இன்னும் ஊர் ரோடு பொறுப்பாளர் நான்தானே, நீ திட்டுவாய் என்று தெரியும், சீட் பெல்ட் போட்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் அம்மா ஊர் ஆபீஸுக்குப் போய் உன் பேரில் தபால் ஓட்டு கேட்டு வாங்கி அனுப்பினாளே, அதை நீ போட்டுத் திருப்பி அனுப்பினது வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் செல்லாது என்று கிளார்க் பெர்னிஸ் சொல்கிறாள். உள்கவரின் பின்பக்கம் நீ கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நம் வீட்டு சிரப் டின்னில் ஒட்டுகிற லேபிள் ஒட்டியிருக்கிறது. அங்கே ஈரத்தில் கவர் பசை பிடிக்கவில்லை போலிருக்கிறது, அம்மா உனக்கு அனுப்பின பார்சலில் லேபிள் கட்டும் இருந்தது, நீயும் இந்த வீட்டுப் பிள்ளைதானே, வாய் திறந்து கிடக்கிற எதைப் பார்த்தாலும் லேபிள் ஒட்டுகிற கை. அடியில் கையெழுத்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பெர்னிஸ் அதைப் பிய்க்கக் கூடாதாம், பிய்த்தால் கவரைப் பிரித்ததாக ஆகிவிடுமாம். இதில் இன்னொரு கஷ்டம், லேபிளில் ஹார்லன் டூகெட் என்று என் பேர் கட்டை விரல் பருமனில் இருக்கிறது. ரோடு பொறுப்பாளர் தேர்தலில் நிற்கிறவன் பேரை ஓட்டுக் கவர்மேலேயே ஒட்டி அனுப்பினதில் இந்த ஊரில் உன் மகள்தான் முதல் ஆள், விளம்பரத்துக்கு ஏதாவது குடுத்தியா என்று பெர்னிஸ் என்னைக் கேட்டாள். அவள் சிரிக்கவில்லை, அவள் எப்போதுமே சிரிப்பதில்லை.

கவர் செல்லாது என்று ஓட்டுப் போட்டவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது சட்டம், அதற்கு அவள் உன் பேருக்கு ஒரு கார்டு போட்டாள். ஆபீஸ் பதிவில் உன் விலாசம் இன்னும் நம் வீட்டு விலாசம்தான். கார்டு நம் தபால் பெட்டிக்கு வந்தது, எடுத்தவன் நான். அம்மா ஊரில் இல்லை. கிறிஸ்துமஸ் விருந்தில், சர்ச் ஹாலில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது, அப்பா, நீங்க இந்தத் தடவையும் நின்னா நான் கைல் பெலோஸுக்குத்தான் போடுவேன், பனி தள்ளப் போயி லாரியோட கவுந்து கிடந்த உங்களைப் பள்ளத்துலேர்ந்து கயிறு கட்டி இழுத்ததைப் பாத்ததுக்கு அப்புறம் என்னால முடியாதுன்னு நீ சொன்னாய். அம்மாவும் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டே நானும்தான் என்றாள். போன தேர்தலிலேயே நான் ஜெயித்தது நூலிழையில். என்னை எதிர்த்து நிற்கிற கைல் நல்ல பையன், என் வேலையில் குறை சொல்லத் தெரியாத அளவுக்கு நல்ல பையன், அவனிடம் தோற்பது ஒன்றும் கேவலமில்லை, ஆனாலும் தோற்க எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே கார்டை லாரிக் கண்ணாடிக்கு மேலே இருக்கிற வெயில் மறைப்பில் செருகி வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் சுற்றினேன். யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்தால் போதும், ஒரு ஓட்டு குறைந்துவிடும், நான் ஒரு தப்பும் செய்ததாக ஆகாது.

முடியவில்லை கோலெட். வெள்ளிக்கிழமை ஆபீஸுக்குப் போய், உனக்குப் புது ஓட்டுச் சீட்டு அனுப்பச் சொல்லி நானே எழுதிக் கொடுத்தேன், குடும்பத்தார் கேட்கலாம். பெர்னிஸ் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, எதிராளிக்கு விழப்போற ஓட்டுக்கு வேட்பாளரே மனு குடுக்குறதை இப்பத்தான்யா பாக்குறேன் என்றாள். எழுதினதை வாங்கிக்கோ என்றேன். சீட்டை என் கையில் தர மாட்டாளாம், நிற்கிறவன் அடுத்தவர் ஓட்டைத் தொடக் கூடாது, அவளே உன் அலாஸ்கா விலாசத்துக்குத் தபாலில் போட்டாள். போனில் சொல்லியிருப்பேன், உன் குரலைக் கேட்டால் எனக்குப் போடு என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவேனோ என்று பயம், அதனால்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸ் விருந்தன்றைக்கு எனக்குக் கோபம்தான், மறைப்பானேன். ஊர் பூராவும் என்னிடம் கேட்டது ரோடு எப்போ திறக்கும் என்றுதான். நான் வீடு வந்து சேர்ந்தேனா என்று கேட்டது நீங்கள் இரண்டு பேர்தான். அது உறைக்க எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

சீட்டு வந்த அன்றே போடு, கையெழுத்தைப் போடு, அடுத்த விமானத்திலேயே அனுப்பு, தேர்தலன்று ஆபீஸ் மூடுவதற்குள் வர வேண்டும், அப்புறம் வந்தால் குப்பைதான். பசை பிடிக்காவிட்டால் வெறும் டேப் ஒட்டு. கையுறை போடு, வயிற்றைக் காயப்போடாதே, கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருப்பார்.

இப்படிக்கு
உன் அப்பா
ஹார்லன் டூகெட்

பி.கு. தேர்தலன்று அம்மாவைக் கூட்டிவரப் போகிறேன், அதனால் என் சீட்டையும் முன்கூட்டியே வாங்கி வெள்ளிக்கிழமையே போட்டுக் கொடுத்துவிட்டேன். பேர் அச்சாகிவிட்டது, இனி விலக முடியாது. கைலுக்கு நம் வீட்டிலிருந்து இரண்டு ஓட்டு என்று நீயும் அம்மாவும் கணக்குப் போட்டு வைத்திருப்பீர்கள். மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.