போன வருஷத்துச் சான்றிதழ்

வியாழக்கிழமை, ராத்திரி

செல்வியை இன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதே ஜீவனஹள்ளி பி.ஜி. விடுதி அறையில் ரெண்டு வருஷம் ஒன்றாகப் படித்தோம். ஒரே மத்திய அரசு வேலை, இன்றைக்குத்தான் சான்றிதழ் சரிபார்ப்பு. அவளுடைய ஓ.பி.சி. சான்றிதழ் போன வருஷத்தது, செல்லாது என்று சொல்லிவிட்டார் அதிகாரி.

எனக்கு அது மூணு வாரமாகத் தெரியும். மொட்டை மாடியில் ஃபைல் அடுக்கும்போது, “எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாருடி”ன்னு என்னிடம்தான் கொடுத்தாள். தேதி கண்ணில் பட்டது. ஊருக்குப் போய்ப் புதுசு வாங்கிவர அப்போது நேரமும் இருந்தது. ஆனால் காலியிடத்தைவிட அதிகம் பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். லிஸ்டில் அவள் எனக்கு ரெண்டு இடம் மேலே. “சரியா இருக்கு”ன்னு ஃபைலை மூடிக் கொடுத்தேன்.

என்னுடையதை ஐந்தே நிமிஷத்தில் பார்த்து முடித்துவிட்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டாள். அல்சூர் தாண்டினோம். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ எவ்ளோ கவனமா பார்ப்பே. உன் கண்ணுக்கே தப்பிடுச்சுன்னா, நான் எந்த மூலைக்குடி?” என்றாள்.

“ஆமாண்டி” என்றேன்.